மோல் கணக்கை ஏன் சாய்ஸில் விடணும்?



நம் சுவர் இதழில் வழக்கமா கவிதை, விடுகதை, கோலம், பொன்மொழி எல்லாம் வரும். நான் ஒரு கணக்கைப் பத்தி எழுதப் போறேன். கணக்குன்னு பார்த்ததும் பக்கத்துத் தாளுக்குப் போயிடாதீங்க, ப்ளீஸ்!

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அணுக்களும் மூலக்கூறுகளும் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் ஒரு வாயுவின் எடையைக் கொடுத்து, "இதில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அந்தப் பாடம் அடுத்த வருஷம்தான். ஆனால் பயம் இப்பவே வந்துடுச்சு! பாடம் வருவதற்கு முன்னாடியே பயம் எப்படி வரும்? அக்காக்கள் சொல்வது, அண்ணன்கள் சொல்வது, டியூஷனில் சொல்வது எல்லாம் ஒண்ணுதான்: "மோல் கணக்கா? அதை விட்டுடு. சாய்ஸ் இருக்கு."

இந்த அறிவுரை தப்பு என்பது என் கருத்து. அந்தக் கணக்கு கஷ்டமே இல்லை. நாம் கடையிலும் வயலிலும் தினமும் பார்க்கிற ஒரு விஷயத்துக்குப் புதுப் பேர் வச்சிருக்காங்க, அவ்வளவுதான். அக்காவின் புத்தகத்தை வாங்கிப் படித்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆணி வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் ஒவ்வொண்ணா எண்ணித் தருவாரா? எடை போட்டுத்தான் தருவார். எல்லா ஆணியும் ஒரே மாதிரி இருப்பதால் எடையை வைத்தே எத்தனை ஆணி என்று சொல்லிவிடலாம். விவசாயத்திலும் ஆயிரம் நெல்மணி எடை என்று ஒரு கணக்கு உண்டு. ரகத்துக்கு ரகம் அது மாறும். 20 கிராம்னு வச்சுக்குவோம். அப்படின்னா ஒரு கிலோ விதைநெல்லில் 50,000 மணி. யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை, எடை போட்டே எண்ணிட்டோம். வாயுக் கணக்கும் இதேதான். ஒரு மூலக்கூறைக் கையில் எடுக்க முடியாது, கண்ணால் பார்க்க முடியாது. அதனால் எடை போட்டு எண்ணுகிறோம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஒரு நெல்லின் எடை தெரிந்தால்தானே எண்ண முடியும்? ஒரு மூலக்கூறின் எடை யாருக்குத் தெரியும்? நல்ல சந்தேகம். இதுக்குப் பதில் நம்ம சத்துணவுக் கூடத்திலேயே இருக்கு. கொண்டைக்கடலையும் பச்சைப் பயறும் போடுறாங்க இல்லையா? 100 கடலை 20 கிராம், 100 பயறு 4 கிராம்னு வச்சுக்குவோம். ஒரு கடலை ஒரு பயறைப் போல 5 மடங்கு கனம். இப்போ ஒரு பக்கம் 5 கிலோ கடலை, இன்னொரு பக்கம் 1 கிலோ பயறு. இரண்டிலும் எண்ணிக்கை சமம்! மொத்தம் எத்தனை என்று தெரியாவிட்டாலும் சமம் என்பது மட்டும் நிச்சயம். கனத்தின் விகிதம் தெரிந்தால் போதும்.

அதே மாதிரி ஹைட்ரஜன் மூலக்கூறின் கனம் 2 என்றால் ஆக்ஸிஜன் மூலக்கூறு 32, கார்பன் டை ஆக்ஸைடு 44. ஆகவே 2 கிராம் ஹைட்ரஜன், 32 கிராம் ஆக்ஸிஜன், 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு மூன்றிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கைக்குத்தான் ஒரு மோல் என்று பேர். பன்னிரண்டு பழத்துக்கு டஜன், இரண்டு மாட்டுக்கு ஜோடி என்கிற மாதிரி இதுவும் ஒரு கட்டு. கொஞ்சம் பெரிய கட்டு!

எவ்வளவு பெரியது? 6.022 × 10²³. இதை அவகாட்ரோ எண் என்கிறார்கள். 6022 எழுதி அதுக்குப் பின்னாடி 20 சைபர் போடணும். நம்ம பாணியில் சொன்னால் 602 கோடி கோடி கோடி. கோடி மூணு தடவை வருது, எழுத்துப் பிழை இல்லை! உலகத்தில் சுமார் 800 கோடி பேர் இருக்கிறோம். எல்லோரும் சாப்பிடாமல் தூங்காமல் நொடிக்கு ஒன்று வீதம் எண்ணினால், ஒரு மோலை எண்ணி முடிக்க ஏறக்குறைய 24 லட்சம் வருஷம் ஆகும். ஆனால் 32 கிராம் ஆக்ஸிஜனைத் தராசில் வைத்தால் ஒரே நிமிஷத்தில் எண்ணியாச்சு. நாம் சாதாரணமா இழுக்கிற ஒரு மூச்சு அரை லிட்டர் இருக்கும். அதிலேயே சுமார் 12 கோடி கோடி கோடி மூலக்கூறு உள்ளே போகுது. இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எத்தனை மூச்சு விடுவீங்களோ, நீங்களே பெருக்கிப் பார்த்துக்கோங்க.

இப்போ புத்தகக் கணக்குக்கு வருவோம். 11 கிராம் கார்பன் டை ஆக்ஸைடில் எத்தனை மூலக்கூறு? சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் மேலே எது கீழே எது என்று யோசிச்சுக்கிட்டே இருப்பாங்க. நாம் அப்படி யோசிக்க வேண்டாம். 44 கிராம் ஒரு கட்டு. 11 கிராம் எத்தனை கட்டு? கால் கட்டு. 6.022-இல் கால் பங்கு 1.5055. எனவே விடை 1.5055 × 10²³. முடிஞ்சது! எத்தனை கட்டு என்பதை முதலில் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய எண்ணைக் கடைசியில் கொண்டுவந்தால் போதும். பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இந்த வழி ரொம்ப உதவும்.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கு. ஆக்ஸிஜனுக்கு 16 போடணுமா 32 போடணுமா? இதுக்கு மனப்பாடம் உதவாது. காற்றில் ஆக்ஸிஜன் அணு தனியா இருக்காது, இரண்டு இரண்டா சேர்ந்தே இருக்கும், செருப்பு ஜோடி மாதிரி. ஒரு அணு 16, ஜோடி 32. மூலக்கூறு எத்தனை என்று கேட்டால் எத்தனை ஜோடி என்று அர்த்தம், அதனால் 32. ஓசோனில் மூன்று அணு சேர்ந்திருக்கும், அதனால் 48. பலூனில் அடைக்கிற ஹீலியம் யாரோடும் சேராமல் தனியாகவே இருக்கும், அதுக்கு வெறும் 4. எந்த வாயு எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்கு இந்தக் குழப்பமே வராது.

இன்னொரு குழப்பம் 22.4 லிட்டர். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடத்தை அடைக்கும் என்று படிக்கிறோம். அது 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். நம்ம ஊரில் என்றைக்கு 0 டிகிரி வந்திருக்கு? 35 டிகிரி வெயிலில் அதே ஒரு மோல் சுமார் 25.3 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். வெயிலில் வாயு விரியும், ஆனால் எடை கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. அதனால்தான் எடையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணுவது நம்பிக்கையான வழி என்று எனக்குத் தோணுது.

"இதெல்லாம் சரி, வாழ்க்கைக்கு எதுக்கு உதவும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கும். எனக்குத் தெரியும்! அதுக்கும் பதில் வச்சிருக்கேன்.

முதலில் வீட்டுக் கேஸ் சிலிண்டர். அதில் இருக்கும் வாயுவின் எடை 14.2 கிலோ. இது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. எல்லாமே பியூட்டேன் என்று வைத்தால், அதன் மூலக்கூறு நிறை 58. 14,200-ஐ 58-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 245 மோல், அதாவது 1.47 × 10²⁶ மூலக்கூறுகள். எல்லாமே புரொப்பேன் என்று வைத்தால் நிறை 44 தான். அப்போ 323 மோல், 1.94 × 10²⁶ மூலக்கூறுகள். உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, எடை ஒன்றே என்றாலும் மூலக்கூறு லேசாக இருந்தால் எண்ணிக்கை கூடுகிறது. கனமா இருக்கிறதுதான் நிறைய என்று நினைக்கக் கூடாது.

இதைவிட ஆச்சரியம் அது எரிந்த பிறகுதான். ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன் அணு. நன்றாக எரிந்தால் ஒவ்வொரு கார்பனும் ஒரு கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறாக மாறும். 245 மோல் பியூட்டேனிலிருந்து 980 மோல். அதை 44-ஆல் பெருக்கிப் பாருங்க. சுமார் 43 கிலோ! 14 கிலோ கேஸ் எரிந்து 43 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு எப்படி வரும்? காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் சேருவதால் வருது. புரொப்பேனுக்குப் போட்டுப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே 43 கிலோதான். வெறும் எடையை மட்டும் பார்த்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது. மூலக்கூறை எண்ணியதால்தான் தெரியுது.

இரண்டாவது உதாரணம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது நம் நாட்டில் ஆக்ஸிஜன் தட்டுப்பாடு வந்தது. ரயிலிலும் டேங்கர் லாரியிலும் ஆக்ஸிஜன் போனதை டி.வி.யில் காட்டினார்கள். அப்போது செய்தியில் இத்தனை டன் வந்தது, இத்தனை டன் தேவை என்றுதான் சொன்னார்கள். ஆனால் நோயாளிக்கு ஆக்ஸிஜன் டன்னில் போகாது. நிமிஷத்துக்கு 5 லிட்டர், 10 லிட்டர் என்றுதான் போகும். டன்னுக்கும் லிட்டருக்கும் நடுவில் பாலம் எது? இந்த மோல் கணக்குதான்!

ஒரு டன் என்பது 10 லட்சம் கிராம். 32-ஆல் வகுத்தால் 31,250 மோல். ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் வீதம் 7 லட்சம் லிட்டர். ஒரு நோயாளிக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றால் ஒரு நாளுக்கு 14,400 லிட்டர். அப்படியானால் ஒரு டன் ஆக்ஸிஜன் 48 பேருக்கு ஒரு நாள் வரும். வெப்பநிலையைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், வழியில் வீணாவதையும் கழிக்கணும். இருந்தாலும் தோராயமா தெரிந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் 200 படுக்கை இருந்து, எல்லோருக்கும் அந்த அளவு தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு நாலு டன் பத்தாது. இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சிருக்கிற ஒருத்தர் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கணும், இல்லையா? அவரும் ஒரு காலத்தில் பத்தாம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டவராகத்தான் இருப்பார். "சாய்ஸில் விட்டுட்டேன்" என்று அங்கே சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லணும். இத்தாலியைச் சேர்ந்த அவகாட்ரோ 1811-இல், ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம கன அளவுள்ள எல்லா வாயுவிலும் மூலக்கூறுகள் சமம் என்று சொன்னார். அவர் முதலில் படித்தது சட்டம்! அவர் சொன்னதைப் பல வருஷம் பெரிசா யாரும் எடுத்துக்கலை. 1856-இல் இறந்தும் போயிட்டார். 1860-இல் கன்னிசாரோ என்பவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். தன் பேரில் இருக்கும் எண் எவ்வளவு என்று அவகாட்ரோவுக்கே தெரியாது. அந்தப் பேரை 1909-இல் வைத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த பெரின்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜோசப் லோஷ்மிட். இவர் 1821-இல் பொஹீமியாவில் (இப்போது செக் நாடு) ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ப் பாதிரியார் வீட்டில் எடுத்துச் சொன்னதால்தான் அவரை மேலே படிக்க அனுப்பினார்கள். 1865-இல் காற்றின் மூலக்கூறு எவ்வளவு பெரியது என்று முதன்முதலாகக் கணக்குப் போட்டுச் சொன்னபோது, அவர் வியன்னாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதும் முன் எவ்வளவு தூரம் போகும் என்பதையும், வாயு திரவமானால் எவ்வளவு சுருங்கும் என்பதையும் வைத்து அளவைக் கண்டுபிடித்தார். விடை உண்மையைவிடச் சில மடங்கு பெரிசா வந்தது. ஆனாலும் யாரும் பார்க்காத ஒன்றை முதலில் அளந்தவர் அவர்தான். இவர் பேர் நம்ம புத்தகத்தில் இன்னும் பெரிசா வரணும் என்பது என் ஆசை. 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ என்று உலகம் முழுவதும் நிலையாக வைத்துவிட்டார்கள். இனிமேல் அது மாறாது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். சாய்ஸில் விடுவதால் போவது சில மார்க்குதானே என்று நினைக்கிறோம். பதினொண்ணாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் எடுக்கணும்னா நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். ஏற்கனவே வீட்டில் யோசிப்பாங்க. பொம்பளப் பிள்ளைன்னா இன்னும் கூடுதலா யோசிப்பாங்க. அந்த நேரத்தில் "எனக்குக் கெமிஸ்ட்ரி வராதும்மா, மோல் கணக்கே புரியல" என்று நாமே சொன்னால் அவங்களுக்கு வேலை சுலபமாயிடும். நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன், விவசாயப் படிப்பு என்று நம்ம வகுப்பில் ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர்! எல்லாத்துக்கும் வேதியியல் வேணும். வேறு குரூப் எடுப்பது குறைவு என்று நான் சொல்லவில்லை. பிடித்து எடுக்கணும், பயந்து எடுக்கக் கூடாது.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். கோவிச்சுக்காதீங்க டீச்சர்! அந்தப் பாடம் தொடங்கும் நாளில் கரும்பலகையில் சூத்திரம் எழுதுவதற்கு முன்னாடி, சத்துணவு டீச்சரிடம் தராசும் இரண்டு படி பயறும் கடலையும் வாங்கி வாங்க. ஒரு பீரியட் நாங்க எண்ணிப் பார்க்கிறோம், எடை போடுகிறோம். எண்ணினதைத் திருப்பிக் கொடுத்துடுவோம், ஒண்ணும் வாயில் போட மாட்டோம். அதுக்கப்புறம் சூத்திரம் எழுதினால் அது எங்க கையில் எண்ணின கடலை மாதிரி தெரியும். அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கீழ் வகுப்புப் பிள்ளைங்க கேட்டால் "விட்டுடு" என்று சொல்லாதீங்க. தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்க, போதும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் தாராளமா எழுதலாம். நான் பதில் எழுதத் தயார்.

இந்த வாரக் கணக்கு: ஒரு சிலிண்டரில் ஒரு கிலோ ஹீலியம், இன்னொன்றில் ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. எதில் மூலக்கூறுகள் அதிகம், எத்தனை மடங்கு? சூத்திரம் போடாமல் வாயாலேயே சொல்லிவிடலாம். விடையைச் சீட்டில் எழுதி, பேர், வகுப்போடு வெள்ளிக்கிழமைக்குள் சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். விடை அடுத்த தாளில்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி